மகளுக்கு எழுத்து ஊட்டிய வீரையன்

"பிள்ளைக்கு எப்ப டீச்சர் எழுத்து ஆரம்பிக்கலாம்?" என்று என்னைக் கேட்காத தாய் தகப்பன் எங்கள் ஊரில் கிடையாது. கீழமருதங்குடி பால்வாடியில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். பெயர்ப் பலகையில் அங்கன்வாடி மையம் என்று இருந்தாலும் ஊர் வாயில் அது பால்வாடிதான். நான் ரோஸ்லின் டீச்சர்தான். முன்னெல்லாம் இந்தக் கேள்விக்குப் பட்டென்று பதில் வந்துவிடும். அஞ்சு வயசு முடியட்டும், அதுவரைக்கும் பாடட்டும், மண்ணில் உருளட்டும், வயசு வரட்டும் என்பேன். இப்போது யாராவது கேட்டால் வாயைத் திறக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கிறது. காரணம் நடவு மெஷின் வீரையன்.

வீரையனை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. கூட்டுறவுச் சங்கத்தின் நடவு மெஷினை ஓட்டுகிறவர் அவர். மெஷின் நடவு என்றதும் முதலில் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். வீரையன் ஓட்டினால் வரிசை பிசகாது என்று தெரிந்த பிறகு, சம்பா நேரத்தில் அவரைப் பிடிக்க ஆள்மேல் ஆள் விட்டார்கள். அவருடைய அப்பா காலம் வரைக்கும் பண்ணை வேலை. வீரையன் தலையெடுத்த பிறகுதான் குத்தகைக்குக் கொஞ்சம் நிலம், ஒரு காரை வீடு, ஒரு மோட்டார் சைக்கிள். வேலையில் சூரர், பேச்சில் கெட்டிக்காரர். ஆனால் யாராவது ஒரு தாளை நீட்டிப் படிங்க என்றால் மனுஷன் ஒடுங்கிப்போவார்.

படிக்கத் தெரியாது என்றில்லை. தெரியும், மெதுவாகத் தெரியும். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு செங்கல் சூளை சூளையாக அலைந்ததால், அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே பத்து வயதை ஒட்டித்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது எழுத்தெழுத்தாகக் கூட்டியிருக்கிறார். இடுப்பு உயரப் பொடிசுகள் எல்லாம் சிரித்திருக்கின்றன. அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் வாய்விட்டு வாசித்து ஊரில் யாரும் கேட்டதில்லை. சங்கக் கூட்டத்தில் தீர்மானத்தை வாசிக்கச் சொன்னால், கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அந்த மட்டுக்கும் எங்கள் ஊர் நல்ல ஊர்.

மகள் எழில்மொழி பிறந்தபோது அவர் ஒரு முடிவு எடுத்தார். இந்தப் பிள்ளை ஒருநாளும் நாலு பேர் முன்னால் எழுத்துக் கூட்டித் தடுமாறி நிற்கக் கூடாது. முடிவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் பிடித்த வேகம்தான் எனக்கு ஆகவில்லை.

பிள்ளைக்கு மூன்று வயது நிறைவதற்குள் வீடு முழுக்க எழுத்து. கதவில் கதவு என்று பெயிண்டால் எழுதினார். குதிர், குடம், மோட்டார் கொட்டகை, வாசல் முருங்கை எதையும் விடவில்லை. ஆட்டின் விலாவில் தலைச்சாயத்தால் ஆடு என்று எழுதிவிட்டார். அது போய்ச் சுவரில் உரசி உரசி முதல் எழுத்தை அழித்துக்கொண்டு வந்தது; மிச்சமிருந்த எழுத்தைக் காட்டி, இது என்ன என்று பிள்ளையைக் கேட்டார். அவர் மனைவி அறிவுமதி கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற பெண். இன்னும் என் முதுகுதான் டீச்சர் பாக்கி என்றாள்.

எழிலைப் பால்வாடியில் சேர்த்த பிறகு வீரையனுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் வந்து வாசலில் நின்று பார்த்தார். உள்ளே பிள்ளைகள் புளியங்கொட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் களிமண்ணில் இட்லி சுட்டுக்கொண்டிருந்தார்கள். எப்ப டீச்சர் பாடம் நடத்துவீங்க என்றார். இதுதான் பாடம் என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் சுருக்கென்று கோபம் வரும், மறைத்து என்ன ஆகப்போகிறது. நாற்று முற்றுவதற்கு முன்னால் பிடுங்கி நட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். தஞ்சாவூர்க்காரனிடம் நாற்றைப் பற்றிப் பேசினால் வாயடைத்துப்போவான் என்று நினைப்பு.

வாயடைத்துப்போனது நான்தான். மெஷின் நடவுக்குப் பாயில் வளர்க்கிற நாற்று பதினைந்து நாளிலேயே போயாக வேண்டுமாம். முற்றினால் மெஷின் பிடிக்காது. அப்படி இளசாகப் போகிற நாற்றுதான் நன்றாகத் தூர் வெடித்துக் கிளைக்கிறதாம். நீங்க எந்தக் காலத்துல டீச்சர் இருக்கீங்க என்று சிரித்தார். அன்று கடைக்கு லீவு போட்டுக் கூட வந்திருந்த அறிவுமதிதான், "அந்த இளநாத்துக்குத் தண்ணி கட்டுறப்ப எம்புட்டுப் பயந்து பயந்து கட்டுறீங்க, அதையும் சொல்லுங்க" என்றாள். தண்ணீர் கூடுதலாக நின்றால் இளநாற்று அழுகிவிடும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும். வீரையன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க வீட்டுல தாத்தா காலத்துலேருந்து புத்தகம் இருக்கு டீச்சர். உங்க பிள்ளை ஆறு வயசுல படிச்சாலும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. எங்க பிள்ளை ஒரு எழுத்து தடுமாறுனா, இதுங்களுக்கு எங்க வரும்னு சொல்லிடுவாங்க. பொறு பொறுன்னு எங்ககிட்ட சொல்றது ஈசி."

என் தாத்தா மாதா கோயிலில் உபதேசியாராக இருந்தவர். எங்கள் வீட்டில் ஞாயிறு சாயங்காலமானால் யாராவது ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். நான் எப்போது எழுத்துக் கற்றேன் என்பதே எனக்கு நினைவில்லை, தானாக வந்தது. வீரையன் வீட்டில் தானாக வருவதற்கு என்ன இருந்தது? அன்று இரவு செபமாலை சொல்லும்போதுகூட அவர் பேச்சுதான் மனதில் ஓடியது. அவர் சொன்னது நியாயம் என்பது கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

நாலு வயதில் எழில்மொழி படித்தாள். சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர்பட்ட பாடாகப் படித்தாள். பஸ் வந்தால் பலகையைப் படிப்பாள். மாத்திரை அட்டை, உர மூட்டை, சுவர் விளம்பரம் எதுவும் தப்பாது. டீக்கடையில் பேப்பரை நீட்டுவார்கள். தலைப்புச் செய்தியை நிறுத்தி நிறுத்திக் கணீரென்று வாசிப்பாள். கடைப் பெஞ்சில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். வீரையன் "அப்படிப் போடு" என்று அவளைத் தூக்கி வண்டி டேங்க்மேல் உட்காரவைப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பத்து வயதில் கேட்ட சிரிப்பையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்ட முகம். பிள்ளைக்கும் அதில் சந்தோஷம் இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும்.

ஆனால் நான் வேறொன்றையும் பார்த்தேன். படக்கதைப் புத்தகத்தில் யானை சேற்றில் வழுக்கி விழுகிற பக்கம் வந்தால் மற்ற பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கும். எழில் படத்தைப் பார்க்கவே மாட்டாள். கீழே உள்ள வரியைப் படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், சரியா என்று. நாலு வயதுப் பிள்ளை ஏன், எதுக்கு, அப்படின்னா என்ன என்று பிராணனை வாங்க வேண்டும். இவள் கேட்டதே இல்லை. அவளைக் கேள்வி கேட்டுத்தான் எல்லாருக்கும் பழக்கம். இதை வீரையனிடம் சொன்னேன். அர்த்தமெல்லாம் பின்னாடி தானா வரும் டீச்சர், எழுத்து வந்துடுச்சுல்ல என்றார்.

அந்தப் பிள்ளையை ஒன்றும் கேட்காத ஆள் ஒருத்தி இருந்தாள். வீரையனின் அக்கா வேம்பு. பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள், அங்கே ஒரு கொப்பரைக் களத்தில் வேலை. பிள்ளை குட்டி இல்லை. வாரக் கடைசியில் முடிந்தபோதெல்லாம் பஸ் ஏறி வந்துவிடுவாள். முளைத்த தேங்காயை உடைத்து உள்ளே இருக்கும் பூவை எழில் வாயில் திணித்துக்கொண்டு, ஊர்ப்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். தம்பி குறுக்கே வந்து பிள்ளையிடம் எழுத்துக் கேட்டால் சண்டைக்குப் போவாள். "பிள்ளையைப் பெத்தியா, பள்ளிக்கூடத்தைப் பெத்தியாடா?" என்று அவள் கேட்டது தெருவுக்கே கேட்டது. அத்தை வந்த நாட்களில் எழிலின் சிரிப்புச் சத்தம் பால்வாடி வரைக்கும் வரும்.

அந்த வேம்பு புரட்டாசிக் கடைசியில் இறந்துபோனாள். மஞ்சள் காமாலை. சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட்டு, முற்றிய பிறகு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீரையனுக்குச் சேதி வந்தபோது பாதி வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே நிறுத்திவிட்டுச் சேற்றுக் காலோடு பஸ் ஏறினார். அறிவுமதி பிள்ளையை என் வீட்டில் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனாள். காரியம் பட்டுக்கோட்டையில் முடிந்தது.

திரும்பி வந்தபோது, பிள்ளையிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அத்தை திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறது, வர நாளாகும் என்று சொல்லியிருக்கிறோம் என்றாள் அறிவுமதி. வயசு வரட்டும் டீச்சர், அப்புறம் சொல்லிக்கலாம் என்றாள். வயசு வரட்டும் என்பது நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வார்த்தை. அது என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தபோது மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை. வீரையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழில் அவர் பக்கத்தில் தீப்பெட்டியில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் பிறந்த ஊரில் படத்திறப்பு வைத்தே ஆக வேண்டும் என்று வீரையன் நின்றார். சாமி, சடங்கு என்று போகாத குடும்பங்களில் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். இறந்தவரின் படத்தை ஒரு பெரிய மனுஷர் திறந்துவைப்பார், நாலு பேர் பேசுவார்கள், எல்லாருக்கும் சாப்பாடு. அதற்குப் போஸ்டர் அடிக்க வேண்டும். பெயர்களை எழுதி வெளியாளிடம் கொடுக்க வீரையனுக்குக் கூச்சம். பாபநாசத்து அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று நாளைச் சொல்லி, அத்தான் பெயர், தன் பெயர், அறிவுமதி பெயர் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் மருமகள் எழில்மொழின்னு கொட்டை எழுத்துல போடுங்க, எங்க அக்காவுக்கு அதுதான் உசுரு என்றாராம்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதன் பெயரை இரங்கல் போஸ்டரில் போடுவது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான். தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் பெயர்கூட இருக்கும். அந்தப் பிள்ளை அதைப் படிக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்திருக்க வேண்டிய ஒரே மனுஷன் வீரையன். துக்கத்தில் அவருக்கும் அது தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் பால்வாடிக்கு வரும்போதே பார்த்தேன். விடிவதற்குள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். டீக்கடைச் சுவர், பஸ் நிழற்குடை, எங்கள் பால்வாடிச் சுவர் எல்லாவற்றிலும் வேம்பு சிரித்துக்கொண்டிருந்தாள். எழில் வருகிற நேரம். போய் ஒரு சாக்கையாவது மாட்டி மறைக்கலாம் என்று சாவியைத் தேடுவதற்குள் வீரையனின் வண்டி வந்து நின்றுவிட்டது. எழில் முன்னால் டேங்க்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் நேராகச் சுவருக்குத்தான் போனது. எழுத்து எங்கே இருந்தாலும் அங்கே போகிற கண் அது.

"அத்தை" என்று சிரித்தாள். அப்புறம் வழக்கம்போல மேலிருந்து ஆரம்பித்தாள். நிறுத்தி, நிறுத்தி, கணீரென்று.

"கண்ணீர்... அஞ்சலி. வேம்பு... அம்மாள்."

எதிர் டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் பழக்க தோஷத்தில் கையைத் தட்டப்போய் அப்படியே மடியில் போட்டுக்கொண்டார். எழில் நடுவில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே கொட்டை எழுத்துக்கு வந்துவிட்டாள்.

"எழில்மொழி. அப்பா, என் பேரு."

சொல்லிவிட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படிப் போடு என்று வர வேண்டிய இடம் அது. வரவில்லை. வீரையன் ஹேண்டில் பாரைப் பிடித்தபடியே கல்லாகிவிட்டார். பிள்ளைக்கு எங்கேயோ பிசகிவிட்டது என்று பட்டிருக்க வேண்டும். மறுபடியும் மேலே போய், இந்தத் தடவை விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாக, முன்னைவிடச் சத்தமாக, "கண்ணீர் அஞ்சலி" என்று படித்தாள். படித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"தப்பாப் படிச்சுட்டேனாப்பா?"

வா பாப்பா, உள்ளே போவோம் என்று அவளைத் தூக்கப் போனேன். வீரையன் கையை நீட்டி என்னைத் தடுத்தார். வண்டியை ஸ்டாண்டு போட்டு, அவளை இறக்கி, அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார்.

"இல்ல கண்ணு. சரியாத்தான் படிச்ச."

"அஞ்சலின்னா என்னப்பா?"

எனக்குத் தெரிந்து அந்தப் பிள்ளை ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. சாமிகிட்ட போயிடுச்சு, நட்சத்திரமாயிடுச்சு என்று நாம் சொல்கிற எதையும் வீரையன் சொல்லவில்லை.

"அத்தை செத்துப்போச்சு கண்ணு. அதுக்காக ஒட்டியிருக்கு."

"திருப்பூர்லயா?"

"திருப்பூருக்குப் போகல. அப்பா பொய் சொன்னேன்."

எழில் அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அவளுக்கு அத்தை சிரிக்கிற படமும் தன் பெயரும்தான் தெரிந்தன. செத்துப்போனதுன்னு இதுல எங்க இருக்கு என்று கேட்டாள். அவர் நடுவில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள், உயரம் போதவில்லை.

"நீ படிப்பா" என்றாள்.

கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும், கண்ணாடிக் கதையும் தெரியும். எனக்கு வாசித்துவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். வீரையன் எழுந்தார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். சேறு படிந்த நகத்தோடு விரலைச் சுவரில் வைத்து, ஊர் பார்க்க, ஊர் கேட்க, எழுத்தெழுத்தாகக் கூட்டினார். தோற்றம் என்று படித்து, அத்தை பொறந்தது என்றார். மறைவு என்று படித்து, செத்துப்போனது என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் எழில் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே கீழே இறங்கி வந்து, அச்சகத்துக்காரர் தானாகச் சேர்த்திருந்த ஒரு வார்த்தையில் சிக்கிக்கொண்டார்.

"ஆற்... ஆற்றோ... ஆற்..."

எழில் அவர் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள்.

"ஆற்றொணாத் துயரத்துடன்" என்றாள். பிறகு, "அப்படின்னா என்னப்பா?"

வீரையன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகம் உடைந்துவிட்டது. தஞ்சாவூரில் அழாத மனுஷன், பட்டுக்கோட்டையில் கொள்ளி வைக்கிற இடத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மனுஷன், பால்வாடிச் சுவரில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். எழில் அதன் பிறகு போஸ்டரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவர் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, அத்தை என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, அவளும் அழ ஆரம்பித்தாள்.